அத்தைக்கு வீடு பார்த்த மாதங்கள்

என் அப்பாவின் தங்கை புனேயை ஒட்டிய நிக்டியில் முப்பத்தாறு வருடம் குடியிருந்தார். கோயம்புத்தூரில் கல்யாணம் முடிந்த மறு மாதமே புனே வந்து இறங்கியவர். மாமாவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, முன்னால் ஸ்கூட்டர் நிறுத்தும் அளவுக்கு இடம் என்று ஒரு வரிசை வீடு. அத்தை, புனேயின் பழைய கன்டோன்மென்ட் பகுதியான கேம்பில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய், நான்கு மணிக்கு மேல் பஸ் பிடித்துத் திரும்புவார். இருபத்தெட்டு வருடம் அப்படிப் போய் வந்து ஓய்வு பெற்றார்.

மாமா இறந்து இரண்டு வருடம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். ரசம் ஊற்றும்போது அத்தை சொன்னார்.

"இந்த வீட்டைக் குடுத்துப்போட்டு ஒரு ரூம், ஒரு ஹால்னு சின்னதா வாங்கிக்கலாம்னு இருக்கேங்கண்ணு. சனிக்கிழமை சனிக்கிழமை உனக்குத் தோதுப்படுமா?"

தோதுப்படும் என்றேன். புனேயில் அத்தைக்கு நெருங்கிய சொந்தம் என்றால் நான்தான். அவருடைய ஒரே மகள் டொராண்டோவில் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. சின்ன வயதில் கோடை விடுமுறைகளில் ஒன்றாக விளையாடியவர்கள் என்பதால் எங்களுக்குள் மரியாதை எதுவும் கிடையாது.

மென்பொருள் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு வேறு வழியில் யோசிக்கத் தெரியாது. ஒரு அட்டவணை போட்டேன். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், லிப்ட் உண்டா, கோடையில் டாங்கர் தண்ணீரா, கேட்டில் காவல் உண்டா, என் வீட்டிலிருந்து எத்தனை நிமிடம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கடைசிக் கட்டத்துக்கு நான் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு மதிப்பெண் வைத்திருந்தேன். வயதானவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது அதற்குக் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியிலிருந்து மூன்றரைக்கு வருவாள். நானும் கணவரும் வீடு திரும்ப ஏழாகிவிடும். நடுவில் உள்ள நேரத்துக்கு வைத்திருந்த பெண்மணி அந்த மாதம்தான் வேலையை விட்டு நின்றிருந்தார். இதையும் நான் யோசித்தேன் என்பதை இப்போது எழுதிவிடுவது நல்லது.

முதல் சனிக்கிழமை வாக்கட் பக்கம், என் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓர் அடுக்குமாடி சொசைட்டிக்கு அத்தையைக் கூட்டிப்போனேன். ஆறு கட்டடங்கள், நடுவில் நீச்சல் குளம். எங்களுக்குக் காட்டியது பன்னிரண்டாவது மாடியில் இருந்தது. அத்தை சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், மூடினார். புரோக்கர் கொடுத்த அச்சிட்ட தாளில் கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போடாமலே படித்து, இரண்டு கேள்வி கேட்டார். அந்த ஆள் சற்றுத் திணறினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கீழே வந்ததும் அத்தை காவலாளியிடம் ஹிந்தியில், பால் வாங்க எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

"ஆப்ல போட்டா பத்து நிமிஷத்துல வந்துரும் மாதாஜி."

"ஆப்ல வரும், சரி. கடை எங்க இருக்கு?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்று கை காட்டினார். அத்தை தான் மட்டும் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். நான் போனில் ஆபீஸ் செய்திகளைப் பார்த்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது அத்தை இன்னும் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். ஆறு வழிச் சாலை. ஒரு காலை எடுத்து வைப்பார், பின்வாங்குவார். பத்து நிமிடம் போல அப்படியே இருந்தது. பிறகு திரும்பி வந்தார்.

"இங்க வேண்டாங்கண்ணு."

"ஏனுங்கத்தை? வீடு நல்லாத்தான இருக்குது?"

"வீடு நல்லாத்தான் இருக்குது."

காரணம் கேட்காமல் காரைத் திறந்தேன். என் முகம் சுண்டிப் போயிற்று என்பது உண்மை.

அடுத்த இடம் அத்தை மகள் கண்டுபிடித்தது. கடக்வாஸ்லா அணைக்குப் போகும் வழியில், மூத்தவர்களுக்கு மட்டும் என்று கட்டிய குடியிருப்பு. டொராண்டோவில் உட்கார்ந்தபடியே அதன் வீடியோக்களை எல்லாம் பார்த்து, என்னைத் தினமும் துரத்தினாள். குளியலறையில் விழுந்துவிட்டால் அழுத்த ஒரு பட்டன், மூன்று வேளைச் சாப்பாடு, வாரம் ஒரு முறை டாக்டர். மேலாளராக இருந்த இளம்பெண் வார்த்தைக்கு வார்த்தை 'ஆஜி, ஆஜி' என்று அத்தையைக் கூப்பிட்டாள். மராத்தியில் பாட்டி என்று அர்த்தம். அத்தை கேட்டுக்கொண்டே வந்து, மூன்றாவது மாடி பால்கனியில் நின்று, அணைத் தண்ணீர் எந்தத் திசையில் இருக்கிறது என்று விசாரித்தார். அந்தப் பெண் கை நீட்டிய திக்கில் பார்த்துத் தலையாட்டினார்.

கேட்டுக்கு அருகில் ஒரு மேஜை, அதன் மேல் கயிற்றில் கட்டிய பேனாவுடன் ஒரு நோட்டு. யாரோ ஒரு ரிட்டயர்டு மனிதர் நின்றுகொண்டே அதில் எழுதிக்கொண்டிருந்தார். அத்தை அவரிடம் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். வெளியே போகும் காரணம், திரும்பும் நேரம், என்றார் அவர். "என் மகனுக்கு மெசேஜ் போகும்" என்று சிரித்தார்.

காரில் ஏறிய பிறகு அத்தை பேசினார்.

"இருபத்தெட்டு வருஷம் பிள்ளைங்களுக்கு லீவ் லெட்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். இனி நான் எழுதிக் குடுக்கணுமாக்கும்."

அத்தை மகளிடம் நான் விஷயத்தைச் சொன்னபோது அவள் கோபித்தாள். "அம்மாக்கு எல்லாமே விளையாட்டு. ஏதாவது ஆச்சுன்னா நான் பதினாறு மணி நேரம் பிளைட்ல உக்காந்து வரணும். அது அவங்களுக்குத் தெரியுதா?" என்றாள். அதிலும் தவறில்லை. எனக்கும் உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது. சனிக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன.

மூன்றாவதாக நிக்டியிலேயே ஒரு சின்ன வீட்டைச் சொன்னேன். தெரிந்த காய்கறிக்காரர், தெரிந்த டாக்டர், பிள்ளையார் சதுர்த்திக்கு வீடு தேடி வரும் பழைய ஆட்கள். தரைத்தளம் வேறு. அத்தை அதைப் பார்க்கக்கூட வரவில்லை.

"இங்க நான் மாமாவோட சம்சாரம், கண்ணு. எல்லாரும் நல்லவங்க. ரோட்ல பாத்தா அவரப் பத்தித்தான் பேசுவாங்க. கேட்டுக்கிட்டு நிப்பேன்." பிறகு, "ஒரு நா லீவ் போட முடியுமா? சனிக்கிழமை வேண்டாம், கூட்டமா இருக்கும். கேம்புக்குப் போலாம்," என்றார்.

கேம்ப் என் அட்டவணையிலேயே இல்லை. பழைய கட்டடங்கள், பாதிக்கு லிப்ட் கிடையாது, கார் நிறுத்த இடம் கிடையாது, எந்நேரமும் கடைத்தெருக் கூட்டம். அத்தோடு கன்டோன்மென்ட் நிலத்தில் உள்ள வீடுகளின் பத்திரம் சிக்கலானது என்று கணவர் எச்சரித்திருந்தார். பழைய பள்ளிக்கூட ஞாபகத்தில் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டு, ஒரு புதன்கிழமை லீவ் போட்டேன். காரை எடுக்க வேண்டாம் என்றார் அத்தை. நிக்டியிலிருந்து பஸ்ஸிலேயே போனோம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் முன்னால் நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால். அப்போதுதான் ஒன்று புரிந்தது: கடந்த ஒரு வருடத்தில் அத்தை இந்த வேகத்தில் நடந்து நான் பார்க்கவே இல்லை. தன் சொந்த வீட்டு மாடிப்படியில்கூடக் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்குகிறவர். இங்கே நடைபாதையில் கல் பெயர்ந்திருந்த இடத்துக்கு இரண்டு அடி முன்பே "பாத்து வா, கல்லு தூக்கிட்டு இருக்கும்" என்றார். அவர் கீழே குனிந்து பார்க்கவில்லை. செருப்புக் கடை தாண்டி, சர்ச் சுவர் முடிந்து, இடது பக்கம் திரும்பும் இடத்தில் தயங்காமல் திரும்பினார். கடையோரம் நின்ற ஒரு பெண்மணி வாய் திறக்காமல் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். பக்கவாட்டில், ஒரு கை தூரத்தில்தான். அத்தை கவனிக்காமல் போய்விட்டார்.

நான் அந்தப் பெண்மணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அத்தை யாரையும் அப்படி அலட்சியம் செய்கிறவர் இல்லை.

பேக்கரியோடு சேர்ந்த ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். டீயும் வெண்ணெய் தடவிய மஸ்கா பாவும் சொன்னார். நான் அவருடைய இடது காதுக்குப் பக்கமாக என் கையை மெதுவாகக் கொண்டுபோய் அசைத்தேன். செய்யக் கூடாத காரியம்தான். அவர் பார்வை நேராக என் முகத்திலேயே இருந்தது.

"அத்தை, உங்களுக்குக் கண்ணுல ஏதாவது பிரச்சனைங்களா?"

அவர் ரொட்டியை டீயில் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா," என்றார். "கண்ணுல பிரஷர். ரெண்டு கண்ணுலயும். நேரா பாக்கறது தெரியும், பேப்பர் படிப்பேன். பக்கத்துல வர்றதுதான் தெரியாது. மொள்ள மொள்ள உள்ள சுருங்கிட்டே வருமாம். சொட்டு மருந்து போட்டா தள்ளிப் போகும், போனது திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எப்பருந்துங்க?"

"பதினாலு மாசம் ஆச்சு."

அட்டவணையில் கண்ணுக்கு ஒரு கட்டம் இல்லை. வாக்கட்டில் ஆறு வழிச் சாலைக்கு எதிரே அவர் நின்ற பத்து நிமிடம் ஞாபகம் வந்தது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை வகுப்பில் விளக்குவதுபோல் நிதானமாகச் சொன்னார். பதினாலு மாதமாக வாரம் இரண்டு நாள் பஸ் ஏறிக் கேம்புக்கு வருகிறாராம். கேட்பவர்களுக்கு நூலகம் என்று சொல்லிவிடுவாராம். இருபத்தெட்டு வருடம் நடந்த தெருக்கள் காலுக்குத் தெரிகின்றனவா என்று பார்க்கத்தான் வந்தார். ஆளில்லாத நேரத்தில் சர்ச் சுவர் ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டும் நடந்து பார்த்தாராம். பெரும்பாலும் தெரிந்தது என்றார்.

"இங்க முக்கால்வாசித் தெரு ஒன்வே, கண்ணு. வண்டி ஒரு பக்கமாத்தான் வரும். அந்தப் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பிப் பாத்தாப் போதும். உன்ற ஊட்டுக்கிட்ட ரெண்டு பக்கமும் வருது, நடுவுல யு-டர்ன் போட்டும் வருது. புதுசா ஒரு ஏரியாவ இனி எப்பப் படிச்சு எப்ப முடிக்கறது?"

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்கத்தை."

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னக் கொண்டுபோய் அந்த ஆஜி ஊட்டுல விட்டுருவீங்க."

நான் மறுக்கவில்லை. விட்டிருப்போம்.

அவர் பில் கொடுத்துவிட்டு எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு. உன்ற வீட்டுப் பக்கத்துல வந்தா பாப்பாவ சாயந்திரம் நான் பாத்துக்குவேன்னு நீ நெனச்சிருப்ப."

இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

"நெனச்சது தப்பில்ல. ஆனா கண்ணு நல்லா இருந்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். மாமியாரப் பாத்தேன், பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துனேன், மாமா படுக்கையில கெடந்தப்ப மூணு வருஷம் பாத்தேன். போதும். நீ வேற ஆள் பாத்துக்க. கோவிச்சுக்காத."

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மறுநாள் அட்டவணையைத் திறந்து எல்லாக் கட்டங்களையும் அழித்தேன். 'நடைபாதை', 'ஒரு வழி', 'படிகள்', 'இரவு விளக்கு' என்று நான்கு மட்டும் புதிதாக எழுதினேன்.

வீடு கிடைக்க இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. பத்திரச் சிக்கலுக்குப் பயந்து கன்டோன்மென்ட் எல்லைக்கு ஒரு தெரு வெளியே தேடினோம். முதல் மாடியில் ஒரு படுக்கையறை வீடு. லிப்ட் இல்லை. பதினெட்டுப் படி, எல்லாம் ஒரே உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. அத்தை மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கண் ஆஸ்பத்திரி அங்கிருந்து ரிக்ஷாவில் ஐந்து நிமிடம். பதிவு முடியும்வரை தன் மகளிடம் கண் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

பதிவுக்கு ஆன அந்த மூன்று வாரம் எனக்குச் சுலபமாக இல்லை. மகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அழைத்தாள்.

"லிப்ட் இல்லாத வீடா? உனக்குமா புத்தி இல்ல? நீ பக்கத்துல இருக்கேன்னுதான நான் இங்க நிம்மதியா இருந்தேன்."

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கு," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். நான் மறைத்தது சரியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஒரு மகளுக்குத் தெரிய வேண்டியது, உறவுக்காரியான எனக்கு முதலில் தெரிந்திருந்தது.

பதிவு முடிந்த அன்று மாலை, அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வீடியோவில் மகளை அழைத்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். திரையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியும்," என்றாள். தெரியும் என்றேன். அதன் பிறகு நான்கு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. அம்மாவோடு தினமும் பேசினாள்.

புது வீட்டில் ஏழாவது வாரம் அத்தை விழுந்தார். ஒன்வேயில் எதிர்த்திசையில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அந்தத் தெருவில் அது அதிசயமில்லை. வண்டி மோதவில்லை; சத்தம் கேட்டு அவர் வேகமாக விலகியதில் நடைபாதை விளிம்பு தடுக்கி, வலது மணிக்கட்டு முறிந்தது. கடைக்காரர்கள் இருவர் அவரை ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து எனக்கு அழைத்தார்கள். நான் போய்ச் சேரும்போது மாவுக்கட்டுப் போட்டாகிவிட்டது. அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லு," என்றார். "நான் அப்பவே சொன்னேனில்லன்னு சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லலீங்கத்தை."

"தப்புப் பக்கமா வருவான்னு யோசிக்காம விட்டுட்டேன். என்ற கணக்குல அது இல்ல."

என் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னேன். இந்த முறை வேறு எந்த எண்ணமும் இல்லாமல் சொன்னேன். என் மகளுக்கு அதற்குள் எங்கள் சொசைட்டியிலேயே ஓர் ஆசிரியை வீட்டில் ஏற்பாடு செய்திருந்தோம். அத்தை ஐந்து நாள் வந்து இருந்தார். ஐந்து நாளும் பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், இரவில் கழிவறைக்குப் போகும்போது இரண்டு முறை சுவரில் இடித்துக்கொண்டார். ஆறாம் நாள் காலை அவரே பையைக் கட்டி வைத்திருந்தார். கொண்டுபோய் விட்டேன். கட்டுப் பிரிக்கும்வரை சமையலுக்கு ஒரு மராத்தி அம்மாள் வந்தார்.

குளிர்கால விடுமுறைக்கு அத்தை மகள் வந்தாள். விமான நிலையத்துக்கு நான்தான் போயிருந்தேன். காரில் பாதி வழி பேசாமல் வந்தவள், "அந்த டாக்டர் நம்பர் குடு," என்றாள். அத்தோடு எங்களுக்குள் பேச்சு தொடங்கியது. அவள் வாங்கி வந்திருந்த மடிக்கும் வெள்ளைக் குச்சியை அத்தை முதலில் தொடவில்லை. முறிந்த கையை ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, மறுநாள் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். மகள் பின்னாலேயே போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, "எனக்கு மூச்சு வாங்குது, அவங்க நிக்கவே இல்ல," என்று என்னிடம் போனில் சொன்னாள். திரும்பிப் போவதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்தாள். தெருவிலிருந்த கடைக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போய், அம்மாவுக்குப் பக்கவாட்டில் தெரியாது, வணக்கம் சொல்வதானால் முன்னால் வந்து சொல்லுங்கள் என்று மராத்தியில் சொல்லிவிட்டு வந்தாள். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு நாள் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு கடைக்காரர்கள் முன்னால் வந்து சொல்கிறார்கள்.

போன மாதம் கண் சோதனையில் இடது கண் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. டாக்டர் காட்டிய படத்தில் கறுப்பு ஓரம் தடித்திருந்ததை நானும் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நான் ரிக்ஷாவைக் கைகாட்டி நிறுத்தப் போனேன். அத்தை வேண்டாம் என்றார்.

"காய்கறி மார்க்கெட் வழியா நடந்து போலாம். அந்தப் பக்கத்துத் தெரு ரெண்டும் எனக்கு இன்னும் சரியா வரல. தெரியறப்பவே படிச்சு வெச்சுக்கறேன். நீ பேசாம வா, அடி எண்ணிக்கிட்டு இருக்கேன்."

நான் பேசாமல் கூடவே நடந்தேன்.